முதல் பக்கம் எப்படி உருவாகிறது? செய்தித்தாளின் சாய்வை அளந்து பார்க்கும் முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் செய்தித்தாள் வாங்காதவரும் அன்றைய தலைப்பைப் படித்துவிடுவார். இந்தியர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் ஹிகின்சன் நெடுஞ்சாலையிலோ, ஃபீனிக்ஸ், வெருலம் பக்கமோ காலையில் வண்டியில் போனால், விளக்குக் கம்பங்களில் கட்டிய அட்டைகளில் தடித்த கறுப்பு எழுத்தில் ஐந்தாறு சொற்கள் கண்ணில் படும். அதுதான் நாளிதழின் போஸ்டர். ஓடும் வண்டியிலிருந்து இரண்டு மூன்று விநாடிக்குள் படித்து முடிக்கும்படி எழுதப்படுவது. அடுத்த சிக்னலில் தாள் விற்பவர் நிற்பார். வண்டியின் கண்ணாடியை இறக்க வைத்தால் போஸ்டரின் வேலை முடிந்தது. நேற்று நடந்ததில் எது பெரிது என்று சொல்லும் பொறுப்பு அதற்குக் கிடையாது.

வாசகர் குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. ஒரே நாள் காலையில் ஒரு தாளின் முதல் பக்கத்தில் தண்ணீர் வெட்டு, இன்னொன்றில் கட்சித் தகராறு, மூன்றாவதில் பிரபலம் ஒருவரின் விவாகரத்து. "யாரோ காசு கொடுத்திருக்கிறார்கள்" என்று உடனே சொல்லிவிடுகிறோம். அப்படி நடந்ததும் உண்டு. இந்த நாட்டில் அது நிரூபிக்கப்பட்டும் இருக்கிறது. ஆனால் பல நாள் காரணம் மிகச் சாதாரணமானதாக இருக்கும்: விளம்பரம் எடுத்துக்கொண்ட இடம், அச்சு நேரம், வெள்ளிக்கிழமை ஆள் குறைவு. வேலை முறையால் வரும் சாய்வு, வியாபாரத்தால் வரும் சாய்வு, உரிமையாளரால் வரும் சாய்வு எல்லாம் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் தெரியும். பிரித்தறிய வேண்டுமானால் பக்கம் எப்படிக் கட்டப்படுகிறது என்பது முதலில் தெரிய வேண்டும்.

பக்கத்தில் எவ்வளவு இடம் இருக்கிறது

பிராட்ஷீட் எனப்படும் பெரிய தாள் ஏறக்குறைய 38 செ.மீ. அகலமும் 58 செ.மீ. உயரமும் கொண்டது. டாப்லாய்ட் எனப்படும் சிறிய தாள் ஏறக்குறைய அதில் பாதி. இரண்டிலும் மேலே தாளின் பெயர்ப்பட்டை. அதையொட்டி, உள்பக்கச் செய்திகளுக்கு அழைக்கும் சிறு பட்டை. அடியில் பெரும்பாலும் ஒரு விளம்பரப் பட்டை. இவை போக மிஞ்சுவதுதான் செய்திக்கு. டாப்லாய்டில் அந்த இடத்தில் ஒரு பெரிய படம், ஒரு தலைமைச் செய்தி, அதிகம் போனால் இரண்டு துணுக்குகள் அடங்கும். பிராட்ஷீட்டில் நான்கு முதல் ஆறு செய்திகள் நிற்கும்.

பிராட்ஷீட்டை மடித்துத்தான் கடையில் அடுக்குவார்கள். அதனால் மேல்பாதி மட்டுமே கண்ணுக்குத் தெரியும். 'மடிப்புக்கு மேலே' என்ற பத்திரிகைப் பேச்சு அப்படி வந்தது. மடிப்புக்குக் கீழே போன செய்தி முதல் பக்கத்தில் இருந்தும் பாதி மறைந்த செய்தி.

தாளின் அளவே தீர்ப்பை மாற்றுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பெரிய தாள், "இன்று இந்த ஐந்தும் முக்கியம்" என்கிறது. சிறிய தாள், "இன்று இது ஒன்றுதான்" என்கிறது. அதே ஆசிரியர், அதே செய்திகள் என்றாலும், பெரிய தாளைச் சிறிய தாளாக மாற்றிய மறுநாளே நான்கு செய்திகள் உள்ளே போய்விடும். அதில் சதி எதுவும் இல்லை. ஆனால் வாசகருக்கு அந்த நான்கும் 'மறைக்கப்பட்டவை' போலத் தோன்றும்.

முதல் பக்கம் என்றாலே செய்திதான் என்ற எண்ணமும் பழையது கிடையாது. லண்டன் டைம்ஸ் தன் முதல் பக்கத்தில் வரி விளம்பரங்களை எடுத்துவிட்டுச் செய்தி போடத் தொடங்கியது 1966 மே 3 அன்றுதான்.

மாலைக்குள் நடப்பது

ஊருக்கு ஊர் நேரம் மாறும். வரிசை பெரிதாக மாறாது.

1. டயரி. நாளை என்ன நடக்கப்போகிறது என்று முன்னமே தெரிந்தவற்றின் பட்டியல்: நீதிமன்ற வழக்கு, டர்பனை ஆளும் எத்தெக்வினி மாநகராட்சியின் கூட்டம், அமைச்சர் வருகை. நிருபர்கள் குறைந்துவிட்ட அலுவலகத்தில் முதல் பக்கம் பெரும்பாலும் டயரியிலிருந்தே வரும். டயரியில் ஏறுபவை அமைப்புகள் அறிவித்த நிகழ்ச்சிகள். யாரும் அறிவிக்காத பிரச்சினை அதில் ஏறவே ஏறாது. முதல் சாய்வு இங்கேயே விழுந்துவிடுகிறது, ஒரு சொல்கூட எழுதப்படுவதற்கு முன்னால்.

2. காலைக் கூட்டம். செய்தி ஆசிரியர், அரசியல், நீதிமன்றம், விளையாட்டு, படம் ஆகிய பிரிவுகளின் பொறுப்பாளர்கள் ஒவ்வொருவரும் தம் கையிலுள்ளதைச் சொல்வார்கள். 'லீட்', அதாவது தலைமைச் செய்தி, ஆகக்கூடியவை இரண்டு மூன்று தேறும்.

3. டம்மி. விளம்பரத் துறையிலிருந்து பக்க வரைபடம் வரும். அதில் விளம்பரக் கட்டங்கள் முன்கூட்டியே அடைக்கப்பட்டிருக்கும். செய்தி அவற்றைச் சுற்றித்தான் ஓட வேண்டும். ஒரு பெரிய தாளை மடித்தால் நான்கு பக்கம் என்பதால் பக்கங்கள் நான்கு நான்காகவே கூடும், குறையும். விளம்பரம் குறைந்த நாளில் நான்கு பக்கம் அப்படியே போய்விடும். அந்தப் பக்கங்களில் வரவேண்டிய வட்டாரச் செய்திகளும் கூடவே போகும்.

4. பிற்பகல் கூட்டம். லீட் முடிவாகும். அது சொதப்பினால் எதைத் தூக்கி வைப்பது என்பதும் முடிவாகும். எதிர்த்தரப்பின் பதில் கிடைக்கவில்லை, வழக்கறிஞர் வேண்டாம் என்கிறார், படம் சரியில்லை என்று மாலை ஆறு மணிக்கு லீட் கவிழ்வது வழக்கம்தான். மறுநாள் நாம் பார்த்து வியக்கும் பொருத்தமில்லாத தலைமைச் செய்தி பல நேரம் இந்த மாற்றாள்தான்.

5. துணை ஆசிரியர் மேசை. நிருபர் எழுதியது 600 சொல், இடம் 350 சொல்லுக்கு என்றால் கீழிருந்து வெட்டுவார்கள். முக்கியமானது மேலே, விவரம் கீழே என்ற தலைகீழ்க் கூம்பு முறையில் செய்தி எழுதப்படுவதால் இப்படி வெட்ட முடிகிறது. ஆனால் குற்றம் சாட்டப்பட்டவரின் மறுப்பு வழக்கமாகக் கடைசி இரண்டு பாராக்களில்தான் இருக்கும். வெட்டும்போது முதலில் போவதும் அதுவே. வெட்டியவர் யாருக்கும் விரோதி இல்லை. ஆனாலும் அச்சில் வருவது ஒருதலைச் செய்தி.

6. தலைப்பு. எழுதுபவர் நிருபர் கிடையாது, துணை ஆசிரியர். ஐந்து பத்தி (பக்கத்தைச் செங்குத்தாகப் பிரிக்கும் கட்டங்கள்) அகலத்தில் பெரிய எழுத்தில் இருபது இருபத்தைந்து எழுத்துதான் அடங்கும். அதனால் ஆங்கிலத் தாள்களில் 'ஸ்லாம்', 'ஃப்யூரி', 'ஷாக்', 'வார்', 'ரௌ' போன்ற குட்டிச் சொற்கள் ஆள்கின்றன. "கூட்டத்தில் கருத்து வேறுபாடு தெரிவித்தார்" என்பது இடத்தில் அடங்காது, "சாடினார்" அடங்கும். சாதாரண விவாதம் சண்டையாக மாறுவதற்கு இந்த அகலமும் ஒரு காரணம்.

7. அச்சு. தொலைவூர்களுக்குப் போகும் பதிப்பு முதலில் ஓடும், நகரப் பதிப்பு கடைசியில். மாகாணத்தின் வடக்கே நியூகாசிலில் ஒருவர் படித்த முதல் பக்கமும் டர்பனில் அவருடைய அண்ணன் படித்ததும் வேறாக இருக்கலாம். போனில் இருவரும் வாதிடும்போது இரண்டு பேரும் சரியாகவே சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

அரசுத் துறைகளுக்கும் பெரிய நிறுவனங்களுக்கும் இந்த அட்டவணை அத்துப்படி. சங்கடமான அறிக்கையை வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு வெளியிடுவார்கள். கேள்வி கேட்க அதிகாரி இருக்கமாட்டார், சனிக்கிழமைத் தாளுக்கு ஆள் குறைவு, திங்கட்கிழமைக்குள் செய்தி பழசாகிவிடும்.

எது 'செய்தி' ஆகிறது

1950இல் டேவிட் மேனிங் வைட் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு சிறு ஆய்வை வெளியிட்டார். ஒரு நகர நாளிதழில் தந்திச் செய்திகளைத் தேர்ந்தெடுக்கும் ஆசிரியர், ஒரு வாரம் தான் ஒதுக்கிய ஒவ்வொரு செய்திக்கும் காரணத்தைக் குறித்துக் கொடுத்தார். வந்ததில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுதான் அச்சுக்குப் போயிருந்தது. காரணங்களில் "இடமில்லை" நிறைய. அவருடைய சொந்த விருப்பு வெறுப்பும் வெளிப்படையாகவே இருந்தது. 'வாயில்காப்போர்' என்ற கருத்து பத்திரிகை ஆய்வில் வேரூன்றியது இதன் பிறகுதான்.

1965இல் நார்வேயைச் சேர்ந்த யோஹான் கால்டுங்கும் மாரி ரூகேயும் காங்கோ, கியூபா, சைப்பிரஸ் நெருக்கடிகள் நார்வே நாளிதழ்களில் வந்த விதத்தை ஆராய்ந்து, ஒரு நிகழ்வைச் செய்தியாக்கும் 12 காரணிகளைப் பட்டியலிட்டார்கள். திடீரென்று நடப்பது, பெரிதாக நடப்பது, தெளிவாகப் புரிவது, நமக்கு நெருக்கமானது, பெரிய மனிதர் சம்பந்தப்பட்டது, கெட்டது முதலியவை. 1972இல் மெக்கோம்ப்ஸ், ஷா இருவரும் வெளியிட்ட ஆய்வு மறுமுனையைக் காட்டியது: எது முக்கியம் என்று வாக்காளர் கருதிய வரிசையும், ஊடகம் இடம் கொடுத்த வரிசையும் நெருங்கி ஒத்துப்போயின.

இது நம் பக்கத்தில் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு டர்பனுக்கு வடக்கே உள்ள டொங்காட் ஊர் போதும். 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் நம் மாகாணமான குவாசூலு-நேட்டாலில் பெய்த மழையில் 400க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். இடிந்த வீடு, சரிந்த பாலம், மண்ணுக்குள் தேடும் கைகள். திடீர், பெரிது, கெட்டது என்று எல்லாக் காரணியும் பொருந்தியது. முதல் பக்கங்கள் தாமாகவே நிரம்பின. அதே வெள்ளத்தில் டொங்காட் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் உடைந்தது. அதன்பின் பல மாதங்கள் அந்த ஊர் மக்கள் லாரித் தண்ணீருக்கு வாளியோடு நின்றார்கள். தண்ணீர் வராத 90ஆம் நாளும் 89ஆம் நாளும் ஒன்றுபோலவே இருக்கும். புதிதாகச் சொல்ல எதுவும் நடக்காது. ஆகவே முதல் பக்கத்துக்கும் வராது. ஆர்ப்பாட்டம் செய்து சாலையை மறித்தால் வரும். அப்போதும் தலைப்பு போக்குவரத்து நெரிசலைப் பற்றியதாக இருக்கும்.

செய்தி மதிப்பு என்பது நடுநிலையான தராசு என்று ஆசிரியர்கள் நம்புகிறார்கள். மெதுவாக நடக்கும் கொடுமையை அந்தத் தராசால் நிறுக்க முடியாது. நான் பார்த்தவரை முதல் பக்கச் சாய்வில் இதுவே ஆழமானது, ஏனென்றால் இதைச் செய்பவருக்கே தெரியாது.

சாய்வு ஒளியும் இடங்கள்

பொய்யான வாக்கியத்தைத் தேடினால் சாய்வு அகப்படாது. வாக்கியங்கள் எல்லாம் உண்மையாக இருந்தும் பக்கம் சாய்ந்திருக்கலாம். பார்க்க வேண்டிய இடங்கள் வேறு.

1. செய்தவர் எங்கே போனார்? மூன்று தலைப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்: "போலீஸ் சுட்டதில் இருவர் பலி", "துப்பாக்கிச் சூட்டில் இருவர் பலி", "மோதலில் இருவர் பலி". மூன்றும் ஒரே நிகழ்வாக இருக்கலாம். முதலாவதில் சுட்டவர் இருக்கிறார். இரண்டாவதில் துப்பாக்கி மட்டும் இருக்கிறது. மூன்றாவதில் இறந்தவர்களும் பாதிக் குற்றவாளி ஆகிவிட்டார்கள். ஒரு தாள் யாருடைய செயலுக்கு முதல் வடிவத்தையும் யாருடைய செயலுக்கு மூன்றாவதையும் பயன்படுத்துகிறது என்று இரண்டு வாரம் குறித்து வந்தால் போதும்.

2. நிகழ்வுக்கு இட்ட பெயர். 2021 ஜூலையில் முன்னாள் குடியரசுத் தலைவர் ஜேக்கப் ஜூமா சிறை சென்றபின் தொடங்கிய நாட்களை நினைத்துக்கொள்ளுங்கள். குவாசூலு-நேட்டாலிலும் காவ்டெங்கிலுமாக 350 பேர் வரை இறந்தார்கள். ஃபீனிக்ஸ் பகுதியில் மட்டும் 36 பேர் என்று காவல்துறை அமைச்சர் அறிவித்தார். அதற்குச் 'சூறையாடல்' என்று பெயரிட்டால் கதை கடைகளைப் பற்றியது. 'அமைதியின்மை' என்றால் யாரும் பொறுப்பில்லை. 'கிளர்ச்சி' என்றால் பின்னால் திட்டமிட்டவர் இருக்கிறார். 'ஃபீனிக்ஸ் படுகொலை' என்றால் இறந்த கறுப்பின மக்கள் நடுவே வருகிறார்கள்; 'ஊர்க்காவல்' என்றால் தடுப்பு வைத்து நின்ற இந்தியர்கள் நடுவே வருகிறார்கள். எந்தச் சொல்லை எடுத்தாலும் ஒரு கூட்டத்தின் சாவு ஓரத்துக்குத் தள்ளப்படுகிறது. அரசுக்குள்ளேயே சொல் ஒத்துப்போகவில்லை: குடியரசுத் தலைவர் சிரில் ராமபோசா அதைக் கிளர்ச்சி முயற்சி என்றார், அவருடைய பாதுகாப்பு அமைச்சர் அப்படியில்லை என்றார். நம் வீடுகளில் ஒரு தாளையும் கறுப்பின மக்கள் வாழும் அண்டை இனாண்டாவில் இன்னொரு தாளையும் படித்தவர்கள் இன்றுவரை இரண்டு வேறு ஜூலைகளை நினைவு வைத்திருப்பதற்கு இந்தப் பெயரிடல் ஒரு முக்கியக் காரணம். நமக்குப் பிடித்த சொல்லும் ஒரு சாய்வுதான் என்பதை ஒப்புக்கொள்ளாமல் பிறர் தாளில் மட்டும் சாய்வு தேடுவது வீண்.

3. 'சொன்னார்' என்பதற்கு மாற்றாக வரும் வினை. "கூறினார்" நடுநிலை. "விளக்கினார்" என்றால் அவருக்கு விஷயம் தெரியும். "ஒப்புக்கொண்டார்" என்றால் மறைத்து வைத்திருந்தார். "மழுப்பினார்" என்றால் பொய்யர். ஒரே கூட்டத்தில் மேயர் "விளக்கி", குடியிருப்போர் "கொந்தளித்து"ப் பேசியிருந்தால், மேசையின் எந்தப் பக்கம் நின்று எழுதினார்கள் என்று தெரிந்துவிடும்.

4. யார் முதலில் பேசுகிறார்? பெயரோடு பேசுபவர், பெயரில்லாமல் 'வட்டாரங்கள்' என்று பேசுபவர், பேசவே விடப்படாதவர் என்று பிரித்து எண்ணுங்கள். முதல் பக்கத்தில் பெயரில்லாத வட்டாரம் மட்டுமே இருந்தால் பென்சிலால் வட்டமிடுங்கள்.

இந்த நான்காவது குறிப்பு ஏன் முக்கியம் என்பதைத் தென்னாப்பிரிக்காவின் சண்டே டைம்ஸ் தாளின் அனுபவம் காட்டுகிறது. 2011 டிசம்பரில் டர்பனின் கேட்டோ மேனர் போலீஸ் பிரிவு ஒன்றைக் 'கொலைப்படை' என்று முதல் பக்கத்தில் எழுதியது. 2014இல் வரித்துறைக்குள் இரகசியப் பிரிவு இயங்கியதாகவும், ஜூமாவையே ஒட்டுக்கேட்டதாகவும் தொடர்ந்து எழுதியது. பெயரில்லாத வட்டாரங்கள்தான் முதுகெலும்பு. வரித்துறையின் முன்னாள் தலைவர் பிரவின் கோர்தன் உள்ளிட்டோர் கொடுத்த புகாரில் 2015 இறுதியில் பத்திரிகைக் கவுன்சில் தாளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2016 ஏப்ரலில் ஆசிரியர் வருத்தம் தெரிவித்தார். 2018இல் அந்தத் தொடர்களுக்குப் பெற்ற விருதுகளைத் தாள் திருப்பிக் கொடுத்தது. கேட்டோ மேனர் அதிகாரிகள்மீதான வழக்கை அரசுத் தரப்பு 2019இல் கைவிட்டது. இதற்குள் பலர் வேலையும் பெயரும் இழந்திருந்தார்கள்.

மேற்கோள் குறியும் இங்கே ஒரு வேலை செய்கிறது. தலைப்பில் 'கொலைப்படை' என்று குறிக்குள் போட்டால், "இது எங்கள் கூற்று இல்லை, யாரோ சொன்னது" என்று சட்டத்துக்குப் பதில் சொல்லலாம். வாசகர் மனத்தில் குறி நிற்பதில்லை, சொல்தான் நிற்கிறது.

5. படம். 1976 ஜூன் 16 அன்று சொவெட்டோ மாணவர் போராட்டத்தில் போலீஸ் சுட்டுக் கொன்ற சிறுவன் ஹெக்டர் பீட்டர்சனைச் சாம் நிசிமா எடுத்த படத்தை 'தி வேர்ல்ட்' நாளிதழ் முதல் பக்கத்தில் வெளியிட்டது. போலீஸ் அறிக்கையை அடித்து நொறுக்கிய படம் அது. அடுத்த ஆண்டு அக்டோபர் 19 அன்று அரசு அந்தத் தாளையே தடை செய்தது. ஆசிரியர் பெர்சி கொபோசா கைதானார். ஒரு படம் எவ்வளவு கனம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அதே கனத்தால்தான் எந்தப் படம், எங்கே வெட்டியது, யார் முகம் தெரிகிறது, யார் முதுகு தெரிகிறது என்று கவனிக்க வேண்டும். ஒருவரைப் பற்றிய செய்தியில் கோப்பிலிருந்து எடுத்த பழைய கோபமுகப் படத்தைப் போடுவதும் ஒரு தீர்ப்புதான்.

6. வராதது. 1986 அவசரநிலையில் 'வீக்லி மெயில்' தாள், சட்டம் வெளியிட விடாத வரிகளைக் கறுப்பு மையால் அடைத்து அச்சிட்டது. விடுபட்டது என்னவென்று தெரியாவிட்டாலும், விடுபட்டது என்பது கண்ணுக்குத் தெரிந்தது. இன்றைய தாள்களில் கறுப்புக் கோடு கிடையாது. வராததை மற்றொரு தாளோடு ஒப்பிட்டால் மட்டுமே காண முடியும்.

நம்மவர், அதாவது தென்னாப்பிரிக்கத் தமிழர், விஷயத்தில் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். காவடி என்றால் வண்ணப்படம். அலகு குத்திய முகம், கீழே இரண்டு வரி. தீபாவளி நெருங்கினால் பட்டாசுச் சத்தமும் நாய்களின் பயமும். புரட்டாசி விரதம், ஆடி மாதக் கூழ், மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் திருவிழாவுக்கு வரும் கூட்டம், தமிழ் வகுப்புக்கு ஆசிரியர் கிடைக்காத நிலை இவையெல்லாம் எத்தனை நாள் எத்தனையாம் பக்கத்தில் வந்தன என்று ஓராண்டு குறித்து வைத்தால், காட்சிப் பொருளாக வருகிறோமா, குடிமக்களாக வருகிறோமா என்பது எண்ணிக்கையிலேயே தெரியும்.

உரிமையும் பணமும்

உரிமையாளர் தினமும் போன் செய்து தலைப்பு சொல்வதாக நினைக்க வேண்டாம். அதற்குத் தேவை இருக்காது. ஆசிரியரை நியமிப்பவர் அவர்; எதை எழுதினால் தொல்லை வரும் என்று அலுவலகம் தானாகவே கற்றுக்கொள்ளும். ஆயினும் நேரடிக் கை வைத்ததற்கு இந்த நாட்டில் சான்றுகள் உண்டு.

1976இல் தொடங்கிய 'தி சிட்டிசன்' நாளிதழுக்கு வெள்ளையர் அரசின் தகவல் துறை இரகசியமாகப் பொதுப் பணம் கொடுத்தது. 1978இல் ராண்ட் டெய்லி மெயிலும் சண்டே எக்ஸ்பிரசும் அதை வெளிக்கொண்டுவந்தன. அந்த ஊழலின் அலையில் குடியரசுத் தலைவர் ஜான் ஃபோர்ஸ்டர் 1979இல் பதவி விலகினார். நம் மாகாணத்தில், ஜான் டூபே 1903இல் தொடங்கிய சூலு மொழி இலாங்காவை 1987இல் இன்காத்தா கட்சியைச் சேர்ந்த நிறுவனம் வாங்கியது. 2013இல் தி மெர்குரி, டெய்லி நியூஸ், போஸ்ட், ஐசோலெஸ்வே எல்லாம் அடங்கிய இண்டிபெண்டன்ட் குழுமத்தை செக்குஞ்சாலோ நிறுவனம் வாங்கியபோது, அரசு ஊழியர் ஓய்வூதியத்தை நிர்வகிக்கும் பொதுத்துறை முதலீட்டுக் கழகமும், 20% பங்கோடு சீன அரசு சார்ந்த நிறுவனங்களும் உள்ளே வந்தன. 2018இல் சீனாவின் உய்குர் முஸ்லிம்கள் பற்றி அந்தக் குழுமத் தாள்களில் எழுதிய பத்திரிகையாளர் அசாத் எஸ்ஸாவின் வாரக் கட்டுரை அதோடு நின்றது. புதிய வடிவமைப்பில் இடமில்லை என்று தனக்குச் சொல்லப்பட்டதாக அவர் பின்னர் எழுதினார்.

இந்த விவரத்தின் பயன் இதுதான்: மெர்குரியையும் டெய்லி நியூஸையும் ஒப்பிட்டு, "இரண்டு தாளும் இதையே சொல்கின்றன" என்று முடிவுக்கு வரக்கூடாது. இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஒப்பிட வேறு வீட்டுத் தாள் வேண்டும். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் விட்னஸ் போல.

விளம்பரப் பணத்தின் பிடியை நம் முன்னோர் அனுபவித்தே அறிந்திருந்தார்கள். 1903 ஜூன் 4 அன்று டர்பனில் தொடங்கிய, காந்தி பின்னின்று நடத்திய இந்தியன் ஒப்பீனியன் வாரத் தாள் ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என நான்கு மொழியில் வந்தது. 1906இல் தமிழும் இந்தியும் நிறுத்தப்பட்டன. 1912இல் காந்தி விளம்பரம் வாங்குவதையே விட்டுவிட்டார். தமிழருக்கென்று பி. எஸ். ஐயர் 1908இல் ஆப்பிரிக்கன் கிரானிக்கிளைத் தொடங்கி ஆங்கிலத்திலும் தமிழிலும் நடத்தினார்; காந்தியின் போக்கை விமர்சிக்கவும் அவர் தயங்கவில்லை. ஒரே போராட்டக் காலத்தை இந்த இரண்டு தாள்களிலும் படிப்பவருக்கு இரண்டு வேறு நேட்டால் தெரியும். சமூகத் தாள் என்றால் சாய்வு இருக்காது என்று எண்ணுபவர்கள் கவனிக்க வேண்டியது இது. இன்று வீட்டு வாசலில் இலவசமாக வந்து விழும் வட்டாரத் தாளுக்கு வாசகர் ஒரு சென்டும் கொடுப்பதில்லை. சூப்பர்மார்க்கெட்டும் வீடு விற்பனை முகவரும் கொடுக்கிறார்கள். அதில் வீட்டு விலை சரிவு முதல் பக்கத்துக்கு வருகிறதா என்று பாருங்கள்.

கைப்பேசியில் முதல் பக்கம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். எந்தத் தலைப்பை எத்தனை பேர் தொடுகிறார்கள் என்று ஆசிரியர் திரையிலேயே பார்க்கிறார். தொடப்படாதது கீழே இறங்கும். இங்கே ஒப்பிட வேண்டுமானால் தினமும் ஒரே நேரத்தில், உதாரணமாகக் காலை 7 மணிக்கு, திரையைப் படம் பிடித்து வைக்க வேண்டும்.

அளப்பது எப்படி

தேவை ஓர் அளவுகோல், பென்சில், ஒரு கட்டம் போட்ட நோட்டு. வேறு வேறு உரிமையாளர்களின் இரண்டு தாள், வேலை நாட்களாக இரண்டு வாரம். மொத்தம் 20 முதல் பக்கம். ஒன்றுக்குக் கால் மணி நேரம் வைத்தால் ஐந்து மணி நேர வேலை.

1. பெயர்ப்பட்டை, அழைப்புப் பட்டை, விளம்பரம் நீக்கிச் செய்தி இடத்தை அளக்கவும். அலகு பத்தி-சென்டிமீட்டர்: எத்தனை பத்தி அகலம், எத்தனை செ.மீ. உயரம், இரண்டின் பெருக்கல்.

2. ஒவ்வொரு செய்தியையும் தலைப்பு, படம் சேர்த்து அளக்கவும். ஐந்து பத்தி அகலம், 22 செ.மீ. உயரம் என்றால் 110.

3. அதைச் சதவீதமாக்கவும். ஆறு பத்தி அகலம், 30 செ.மீ. உயரம் மிஞ்சும் சிறிய தாளில் செய்தி இடம் 180. அதில் 110 என்பது 61%. எட்டு பத்தி அகலம், 44 செ.மீ. உயரம் மிஞ்சும் பெரிய தாளில் இடம் 352. அதே 110 அங்கே 31% தான். சென்டிமீட்டரை அப்படியே ஒப்பிடுவது பலர் செய்யும் முதல் தவறு.

4. பக்கத்திலேயே குறிக்கவும்: தலைப்பின் வினை, செய்தவர் இருக்கிறாரா, முதலில் பேசியவர், பெயரோடு பேசியவர் எத்தனை, பெயரில்லாதவர் எத்தனை, எதிர்த்தரப்பு எத்தனையாவது பாராவில் வந்தது.

5. ஒரு தாளின் முதல் பக்கத்தில் இருந்து மற்றதில் முதல் பக்கத்தில் இல்லாததை உள்ளே தேடி, பக்க எண்ணை எழுதவும். எங்குமே இல்லையென்றால் 0.

கவனிக்க வேண்டிய தவறுகள் சில. வெள்ளம், தேர்தல் போன்ற பெரிய நிகழ்ச்சி விழுந்த வாரத்தை எடுத்தால் எல்லாத் தாளும் ஒன்றுபோலத் தெரியும். வேறு வாரம் எடுங்கள். ஒருநாள் தலைப்பை வைத்து முடிவு சொல்ல வேண்டாம். மாற்றாள் லீட் எந்தத் தாளிலும் வரும். தொலைவூர்ப் பதிப்பையும் நகரப் பதிப்பையும் கலக்க வேண்டாம். நீங்கள் ஆதரிக்கும் கட்சி பற்றிய செய்திகளை வேறொருவரிடம் கொடுத்து மதிப்பிடச் சொல்லுங்கள். இருவர் குறிப்பும் பெரிதாக வேறுபட்டால் சாய்வு தாளில் மட்டும் இல்லை.

கணக்கு முடிந்ததும் காரணம் பிடிபடத் தொடங்கும். குறை எல்லாத் தரப்பையும் சமமாகத் தாக்கினால், அதாவது யாருடைய மறுப்பும் கடைசிப் பாராவில்தான் என்றால், அது வேலை முறை. விளம்பரதாரர் பெயர் வரும்போது மட்டும் இடம் சுருங்கினால் வியாபாரம். உரிமையாளரின் வழக்கு, தொழில், கட்சி சம்பந்தப்பட்ட நாளில் மட்டும் தலைப்பு மாறினால், அப்போது பேசலாம் மூன்றாவதான உரிமையாளர் சாய்வைப் பற்றி.

புகார் கொடுப்பது

பத்திரிகைக் கவுன்சிலின் நெறிமுறை, தலைப்பு உள்ளே உள்ள செய்தியை நியாயமாகப் பிரதிபலிக்க வேண்டும் என்கிறது. கடுமையான செய்தி என்றால் முடிந்தவரை வெளியிடும் முன்பே சம்பந்தப்பட்டவரின் கருத்தைக் கேட்க வேண்டும் என்கிறது. தவறு நேர்ந்தால் உரிய முக்கியத்துவத்தோடு திருத்தம் வர வேண்டும் என்கிறது. புகாருக்குக் கட்டணம் இல்லை. செய்தி வெளியான 20 வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும். உறுப்பினராக உள்ள தாள்களை மட்டுமே கவுன்சில் விசாரிக்கும். இண்டிபெண்டன்ட் குழுமம் 2016இல் கவுன்சிலிலிருந்து விலகித் தனக்கென்று தனிக் குறைகேள் அதிகாரியை வைத்துக்கொண்டது. ஆகவே முதலில் தாளின் இரண்டாம் பக்கத்திலோ ஆசிரியர் பக்கத்திலோ சிறிய எழுத்தில் உள்ள குறிப்பைப் பார்த்து, புகார் எங்கே போக வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

"இந்தத் தாள் ஒருதலைப்பட்சம்" என்று எழுதினால் புகார் நிற்காது. தேதி, பதிப்பு, பக்க எண், தலைப்பு, அதற்கு முரணான பாராவின் எண், எந்த விதி மீறப்பட்டது என்று எழுத வேண்டும். பக்கத்தை முழுதாகப் படமெடுத்து இணையுங்கள். செய்தியை மட்டும் கத்தரித்தால் அது பக்கத்தில் எவ்வளவு இடம் பிடித்தது என்பது தெரியாது. திருத்தம் வந்தால் அதையும் அளந்து, எத்தனையாம் பக்கம், எத்தனை பத்தி-சென்டிமீட்டர் என்று அதே நோட்டில், மூலச் செய்தியின் எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.